தென்னையடிக் காளான்

எங்கள் தோட்டத்துத் தென்னையின் அடியில் முதல் காளான் வந்தபோது அப்பா அதற்குச் சூடம் காட்டினார். பக்கத்து மரத்தில் ஏறி ஒரு காயைத் தள்ளி, உரித்து உடைத்து, இரண்டு மூடியையும் காளானுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். நானும் கும்பிட்டேன். ஆடி மாதம், தூறல் விட்டு வெயில் அடித்த காலை. தாவரவியல் பட்டப்படிப்பில் சேர்ந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

காளானைக் கும்பிடும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பாலக்காட்டு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இடி இடித்த மறுநாள் புற்று மேட்டில் காளான் பூத்தால் பறித்துக் குழம்பு வைப்போம், அவ்வளவுதான். மருந்தென்று சிலது உண்டு. மாடு மேய்க்கும்போது காலில் வெட்டுப்பட்டால் பொடிக்காளானை உடைத்து அந்தத் தூளைக் காயத்தில் அப்புவோம், ரத்தம் நிற்கும். பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைகளின் தாடையில் பலாமரத்துக் காளானைக் கல்லில் உரசிப் பூசுவார்கள். கூடவே கழுத்தில் தங்கச் சங்கிலியும் போட்டுவிடுவார்கள். வீக்கம் வடியும். எதனால் வடிந்தது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அப்பா அன்று கும்பிட்டதற்குக் காரணம் அம்மாவின் இளைப்பு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அது உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் ஒரு காற்று அடிக்கும். புழுதியையும் குளிரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அந்தக் காற்று தொடங்கினால் அம்மாவின் நெஞ்சுக்குள் ஊதல் கேட்கும். படுக்க முடியாது. உட்கார்ந்தபடி இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுப்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரை மூச்சைத் திறந்துவிடும், ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், களைக்கொத்தைப் பிடிக்க முடியாது. பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தால் ஒரு வாரம் தாங்கும். பாதி வழியில் மூச்சு முட்டி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரப் புளியமரத்தடியில் அவளை உட்கார வைத்துவிட்டு அப்பா துண்டால் விசிறிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் தம்பி மலைமேல் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்தில் வேலையாக இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வருவார். ஒரு பொங்கலுக்கு வந்தவர் அக்கா மூச்சு வாங்கும் நிலையைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். உள்ளே பலகைத் துண்டுபோல எதையோ சீவிக் காய வைத்திருந்தார்கள். மலையில் பட்டுப்போன மரங்களின் அடியில் வளரும் காளான், அங்கே கூண் என்பார்கள், இளைப்புக்காரர்கள் இதைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள் என்றார். அப்பா ஒரு சில்லை வாங்கி முகர்ந்தார்.

"மாப்ள, ஏலக்காய் கொண்டாருவீன்னு பாத்தா மரத்தூளைக் கொண்டாந்திருக்கற."

"குடிச்சுப் பாக்கட்டுமுங்க மச்சான். ஏலக்காய்ல மூச்சு வந்திருந்தா எங்க மொதலாளிக்கு ஏன் இளைக்குது?"

அம்மா குடித்தாள். வேப்பிலையைவிடக் கசப்பு. காய்ச்சும்போது நனைந்த மரமும் மண்ணும் கலந்த ஒரு வாசம் எழும்பி வீட்டின் எல்லா அறைக்கும் போகும். ஒரு வாரத்தில் அவள் படுத்துத் தூங்கினாள். மாத்திரையையும் அவள் நிறுத்தவில்லை, காற்றும் அந்தத் தையில் சீக்கிரமே தணிந்தது. ஆனாலும் அவள் படுத்துத் தூங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பொட்டலம் தீர்ந்துபோனதும் மாசியில் மறுபடி இழுக்கத் தொடங்கியது. மழைக்காலத்தில்தான் முளைக்கும், கிடைப்பதும் கொஞ்சம், அதையும் மலையிலேயே ஆளுக்கு ஆள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று மாமன் சொல்லி அனுப்பினார்.

அந்த ஆடியில்தான் எங்கள் தென்னையடியில் அதே காளான் வந்தது. தரையை ஒட்டி, மரத்தில் சொருகிய தட்டுபோல. மேலே செம்பழுப்பு, வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுப்பு. விளிம்பில் வெள்ளைக் கோடு. மாமன் கொண்டுவந்த சில்லில் எஞ்சியிருந்த ஒன்றை அப்பா எடுத்து வந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மலைக்குப் போய்த் தேட வேண்டியது வீட்டுக்கே வந்துவிட்டது என்றார். அதற்குத்தான் சூடமும் தேங்காயும்.

அந்தத் தென்னைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா அவற்றை நட்டபோது நிலம் வேறொருவருடையது. குத்தகைக்காரராக இருந்துகொண்டு தென்னை நடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், கடலையும் சோளமும் போல ஆறு மாதத்தில் வீட்டுக்கு வருவதல்ல அது. ஊரில் சிரித்தார்களாம். உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தபின் அப்பா தாலூக்கா ஆபீஸுக்கும் டிரிபியூனலுக்கும் நடந்து நடந்து கடைசியில் நிலத்துக்குப் பட்டயம் வாங்கினார். அதைப் படித்துச் சொன்னது நான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். மரங்களின் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டார். இத்தனை விருட்சங்கள் என்று போட்டிருந்த வரியைக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

காளானை அரிவாளால் அறுத்து, சீவி, பாயில் பரப்பிக் காய வைத்தோம். அந்த வருடம் முழுக்க அம்மா அதைக் குடித்தாள். மார்கழிக் காற்று வந்தது, ஊதலும் வந்தது, ஆனால் அவள் களை எடுத்தாள், பொங்கலுக்குப் பானையைத் தானே இறக்கினாள். பொள்ளாச்சி பஸ் ஏறவில்லை. வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் அப்பா அந்த மரத்தைக் காட்டினார்.

அடுத்த வருட மழைக்கு இரண்டாவது மரத்திலும் வந்தது. முதல் மரத்தின் அடிப்பட்டையில் விரிசல் விட்டுச் செந்நிறமாய் ஒரு நீர் கசிந்து காய்ந்திருந்தது. கீழ்மட்டைகள் மஞ்சளாகித் தண்டோடு ஒட்டித் தொங்கின. நான் அந்தக் காளானில் ஒரு துண்டைக் காலேஜுக்கு எடுத்துப் போனேன். காட்டினால் வாத்தியார் பாராட்டுவார் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை.

அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். இதன் பெயர் கானோடெர்மா, சீனாவிலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக இதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், ஆயுள் கூடும் என்று அரசர்கள் தேடிய பொருள், இப்போது அங்கே ஆய்வுக்கூடங்களில் வைத்துப் பார்க்கிறார்கள் என்றார். பென்சிலின்கூட ஒரு பூஞ்சையிலிருந்து வந்ததுதானே, இதற்குள் என்ன இருக்கிறதோ என்றார். நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எந்த மரத்தில் பறித்தாய் என்று கேட்டார்.

தென்னை என்றதும் துண்டை மேசைமேல் வைத்துவிட்டார். உயிருள்ள தென்னையா, மட்டை தொங்குகிறதா, அடியில் ஏதாவது கசிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். மண்ணுக்குள் வேர் வழியாக மரத்தைத் தின்றுவிட்டுக் கடைசியில் வெளியே காட்டும் முகம்தான் இந்தக் காளான் என்றார். பாயும் தண்ணீர் அதை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். மரத்தை வெட்டி, அடிக்கட்டையைத் தோண்டி எரித்து, சுற்றிலும் ஆழமாகப் பள்ளம் எடுக்கச் சொன்னார்.

அப்பாவிடம் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஒரு மரத்துப் பாத்தியை நிரப்பி அடுத்த மரத்துக்குப் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போய் மோட்டாரை நிறுத்தினார்.

"வெட்டீட்டா அப்புறம் உங்கம்மாளுக்கு மருந்துக்கு எங்க போறது?" என்றார். பிறகு, "மரம் வெச்சா வரும், கண்ணு. ஒண்ணு ரெண்டு போனாப் போகுது. அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

ஒன்று இரண்டோடு நிற்காது என்பதை வாத்தியார் சொன்னதுபோலவே எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து அந்த இரண்டு மரத்துக்கும் தண்ணீர் கட்டுவதை நிறுத்தினார், வெட்டவில்லை. கார்த்திகைக்குள் அதே வரிசையில் இன்னும் மூன்று மரங்களில் செந்நீர் கசிந்தது. பிளாக் ஆபீஸிலிருந்து விவசாய ஆபீஸரை வரச் சொன்னது நான்தான். அதைத் தப்பென்று சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை.

அவர் மலையாளி, நல்ல மனிதர். மரம் மரமாகத் தட்டிப் பார்த்தார். பாயில் காய்ந்த சில்லுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதைக் கஷாயம் வெச்சுக் குடிக்கறீங்களா? மரத்தின்றெ ரோகத்தை மனுஷனுக்கு மருந்தாக்கினது இந்த ஜில்லாவிலே நிங்ஙள் மாத்ரம்தான்" என்று சிரித்தார். வெட்டாமல் வைத்திருந்தால் இந்த வரிசை மட்டுமல்ல, தோட்டமே போகும், மகனுக்குத் தெரிந்திருக்கிறதே, ஏன் இத்தனை மாதம் விட்டீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து பின்னால் நின்றிருந்தாள். சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் போனபின் அம்மா அப்பாவிடம் கேட்டாள். குரல் உயரவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமுங்களா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தெரிஞ்சுதான் வெச்சிருந்தீங்களா?"

"இப்ப என்ன அதுக்கு. மூச்சு ஒழுங்கா வருதில்ல?"

"நான் அதைக் குடிக்கறதை உட்டு ஒரு மாசமாச்சுங்க. அது இல்லாமயே நல்லாத்தான் இருக்கறேன். நீங்க வெட்டுங்க."

அன்று காலையில் அவள் குடித்த பாத்திரத்தை நான் பார்த்திருந்தேன். அடியில் சக்கை இருந்தது. அப்பாவும் அந்த வாசத்தோடுதான் எழுந்திருப்பார். ஆனால் அவர் அம்மாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவளை நம்பினாரா, நம்ப விரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. அம்மா பாயில் இருந்த சில்லுகளை முறத்தில் அள்ளி, அவர் பார்க்கவே அடுப்பில் போட்டாள்.

ஐந்து மரங்களையும் வெட்டினோம். இரண்டில் குலை தள்ளியிருந்தது. தென்னை சாய்ந்தால் குருத்து ஊருக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள், விருந்துபோல. அப்பா குருத்தை வெட்டி வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார், தான் வாயில் வைக்கவில்லை. அடிக்கட்டையைத் தோண்டி எரித்தோம். பள்ளத்தை ஆள் வைக்காமல் அவரே வெட்டினார். மீதி மரம் ஒவ்வொன்றுக்கும் தனி வாய்க்கால் பிரித்து, வேப்பம்புண்ணாக்குப் போட்டார். ஆபீஸர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை.

அதற்குள் காற்று வந்துவிட்டது. அந்த மார்கழியையும் தையையும் நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா இருமுவதற்காகத் தோட்டத்தின் மறுகோடிக்குப் போவாள். புல் அறுக்கப் போவதாகச் சொல்லுவாள், பொழுது சாயும்போது வெறும் கூடையோடு வருவாள். அப்பா வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருந்தவள் சுவரைப் பிடித்து எழுந்து அடுப்பைக் கிளறுவாள். அவளால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது. அது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் மெல்லத்தான் கண்டுபிடித்தேன். அவர் அவளிடம் தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டுமே கேட்டார். சோறு ஆச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, பையன் சாப்பிட்டானா. அவள் தலையாட்டுவாள். அவர் போய்விடுவார். வெட்டியது அவள் சொன்னதற்காக. அவள் மூடி மறைத்தது அவருக்காக. இரண்டு பேரும் அதைக் கலைக்கப் பயந்தார்கள், நானும் பயந்தேன்.

மாத்திரையை நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாங்கி வருவேன். பாதியாக உடைத்துப் போடுவாள், முழுசு போட்டால் கை நடுங்குவது அவருக்குத் தெரிந்துவிடும் என்று. மாமனுக்கு எழுதினேன். பொங்கலுக்கு வந்தவர் எங்கெங்கோ கேட்டு வாங்கிய ஒரு சிறிய பொட்டலத்தை அப்பா இல்லாத நேரம் பார்த்து அக்கா கையில் வைத்தார். அவள் பிரிக்கவே விடவில்லை.

"காச்சுனா ஊடு பூராவும் மணக்கும், தம்பி. அவருக்குத் தெரிஞ்சு போகும்" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்றுதான் அதைச் சொன்னாள். மாமன் திரும்பி என்னைப் பார்த்தார். பொட்டலத்தை அவரோடேயே திருப்பி அனுப்பினாள்.

பங்குனியில் வெயில் ஏறியதும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவள் பாதியாகிவிட்டாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. இதற்குமேல் ஒரு பனிக்காலம் தாங்குவாளா என்று நான் நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். மரமாவது பிழைத்ததே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளத்தான் இருந்தது.

ஆனியில் மழை பிடித்தது. ஒருநாள் காலை அப்பா தோட்டத்திலிருந்து துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். அடுப்படியில் அம்மாவுக்கு முன்னால் பிரித்து வைத்தார். செம்பழுப்பாய், விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டு, மழை ஈரத்தோடு இரண்டு காளான்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கிணற்று வரிசையில் வந்திருக்கிறது என்றார். பள்ளம் எடுப்பதற்கு முன்பே வேரோடு போய்விட்டிருக்கிறது. மேற்கு மூலையிலும் ஒரு மரம் கசிகிறது.

அம்மா அதைத் தொடவில்லை.

"அப்பொ அந்த மரத்தையெல்லாம் வெட்டுனது?"

"வெட்டுனது வெட்டுனதுதான்" என்றார் அப்பா. பிறகு அவளருகில் குந்தி உட்கார்ந்தார். அப்படி அடுப்படியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நீ வேலியோரம் போயி இருமறது எனக்குக் கேக்காமயா இருந்துச்சு? கேட்டுட்டுத்தான் பள்ளம் வெட்டீட்டு இருந்தேன். மரமாச்சும் நிக்கட்டும்னு. இனி அதும் நிக்காது போல. இதையாச்சும் வேண்டாங்காத, புள்ள."

அம்மா அழுதாள் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. அவள் எழுந்து பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். அரிவாள்மணையில் காளானை அப்பாவே சீவினார். அன்று வீடு முழுக்க அந்த வாசம் பரவியது, யாரிடமும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

பட்டயத்தில் எழுதியிருந்த மரங்களில் இப்போது பாதிகூட இல்லை. காலியான இடத்தில் கடலை போட்டிருக்கிறோம். அம்மா இருக்கிறாள். கஷாயமும் குடிக்கிறாள், மாத்திரையும் போடுகிறாள். அந்த ஒரு பனிக்காலம் மட்டும்தான் எனக்கு ஆறவில்லை. எந்த மரத்தையும் காப்பாற்றாத ஒன்றுக்காக அவள் அத்தனை மாதம் வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமினாள்.

போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது களத்தில் கடலை உரித்தபடி அம்மா கேட்டாள்.

"நீ படிச்சவனாச்சே. நெசத்தைச் சொல்லு. அந்தக் காளான்ல ஏதாச்சும் இருக்குதா, இல்ல நாமளா நெனச்சுக்கிட்டதா?"

"தெரியலீங்மா. இப்பத்தான் வெளிநாட்டுல பாத்துக்கிட்டு இருக்கறாங்க" என்றேன். வேண்டுமானால் லைப்ரரியில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த கடலையை உரித்து முறத்தில் போட்டாள்.

"தேட வேண்டாம், சாமி. ஒண்ணுமில்லைன்னு இருந்தா, உங்கப்பன் வெட்டாம வெச்சிருந்ததெல்லாம் வீணு. இருக்குதுன்னு இருந்தா, நான் குடிக்காம கெடந்தது வீணு. ரெண்டுல எதைக் கேட்டுட்டு நான் அவரு மூஞ்சியைப் பாக்கறது?"

எதைக் கேட்டாலும் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லுகிறவன் என்று இப்போது நான் இருக்கும் காலேஜில் எனக்கொரு பெயர் உண்டு. அந்த லைப்ரரியில் பூஞ்சைகளுக்கென்று ஒரு அலமாரி இருக்கிறது. இதுவரை நான் அதைத் திறக்கவில்லை.